ஜி. என். இராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 - ஏப்ரல் 7, 2001) ஓர் இந்திய இயற்பியலாளர் ஆவார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் உள்ள கொலாசன் என்னும் இயற்கைப் பலபடியின் (பாலிமர்) முச்சுருள் அமைப்பை முன்வைத்தவர். புரதச் சங்கிலி எவ்வாறெல்லாம் மடங்க இயலும் என்பதைக் கணக்கீட்டின் வழி காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் இவர் பெயரால் வழங்குகிறது.

வாழ்க்கை

எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். இவரது தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1942ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்து, பின்னர் சி. வி. இராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார். 1949ல் கேம்பிரிட்சில் முனைவர் பட்டம் பெற்றார். 1952ல் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் அழைப்பை ஏற்று, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவரானார்.

கொலாசன் ஆய்வு

கங்காரு வால் தசைநாணிலிருந்து பெற்ற எக்சு-கதிர்ப் படங்களைக் கொண்டு, இவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954ல் முச்சுருள் அமைப்பை வெளியிட்டனர். 1955ல் அதனைத் திருத்தினர். மூன்று சங்கிலிகள் கயிறு போல் முறுக்கிக் கொள்ளும். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும், மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசீன் அமைந்திருக்கும். பிரான்சிசு கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இவ்வடிவில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என மறுத்தனர். அவர்கள் முன்வைத்த அமைப்பில், மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகளுக்குப் பதிலாக ஒன்றே இருந்தது.

இராமச்சந்திரன் வரைபடம்

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை இராமச்சந்திரன் விடவில்லை. அதுவரை வெளியான படிக அமைப்புகளிலிருந்து அணுக்களிடையிலான மிகக் குறைந்த தொலைவுகளைத் தொகுத்தார். பெப்டைடு சங்கிலியின் வடிவைப் பெரும்பாலும் இரண்டு சுழற்சிக் கோணங்களே முடிவு செய்கின்றன. இக்கோணங்களின் ஒவ்வொரு இணைக்கும் அணுக்கள் மோதுகின்றனவா எனக் கணக்கிட்டு, மோதாதவற்றை மட்டும் வரைபடத்தில் குறித்தனர். அனுமதிக்கப்பட்ட பகுதி சிறியதே எனத் தெரிந்தது. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் எழுதிய இக்கட்டுரை 1963ல் வெளிவந்தது.

பிற்காலம்

1971ல் பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை நிறுவினார். அதே ஆண்டில் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன், எக்சு-கதிர் நிழல்களிலிருந்து முப்பரிமாண உருவை மீட்டெடுக்கும் கணக்கீட்டு முறையை வெளியிட்டார். 1977ல் இலண்டன் அரச கழக உறுப்பினரானார். 1999ல் எவால்டு பரிசு பெற்றார். சென்னையில் காலமானார்.

தாக்கம்

1994ல் வெளியான துல்லியமான படிக அமைப்பு முச்சுருளை உறுதி செய்தது. நேரடி ஐதரசன் பிணைப்பு ஒன்றே என்பதையும் காட்டியது. இன்று புதிய புரத அமைப்புகள் யாவும் இவ்வரைபடத்தால் சரிபார்க்கப்படுகின்றன. மக்கும் தன்மையுள்ள புரதப் பொருட்களைக் கணினியில் வடிவமைப்போரும், இயலாத வடிவங்களை முதலில் விலக்க இதனையே பயன்படுத்துகின்றனர்.