கட்டளை இல்லாமல் உருவாகும் ஒழுங்கு: அலன் டியூரிங்கின் வாழ்வு

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலவுக்கு அருகில் இருக்கிறது வஹகோட்டை. ஜூன் மாதத்தில் இங்குள்ள புனித அந்தோனியார் ஆலயத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் தமிழும் சிங்களமும் கலந்தே கேட்கும். ஊரோரத்துப் பற்றைகளுக்குள் கொஞ்சம் நடந்தால் கறையான் புற்றுகளைக் காணலாம். அறைகளும் நடைவழிகளும் கொண்ட அந்தக் கட்டடத்துக்கு எந்தக் கறையானும் படம் வரைந்து கொடுக்கவில்லை. இராணிக் கறையான் முட்டையிடும், கட்டளையிடாது. ஒவ்வொரு கறையானும் தனக்குப் பக்கத்தில் உள்ள மண்ணையும் வாசனையையும் மட்டுமே அறியும். அதிலிருந்து ஒரு கோபுரம் எழுகிறது.

மேலிருந்து யாரும் சொல்லாமல் ஒழுங்கு எப்படி வருகிறது? உயிருள்ள உடலைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டு, கணிதத்தால் விடை தேடியவர் அலன் டியூரிங். கணினி அறிவியலின் தந்தை என்று அவரைப் பலருக்கும் தெரியும். அவர் தன் கடைசி ஆண்டுகளைச் செலவிட்ட இந்த ஆய்வைப் பற்றியும், அதே ஆண்டுகளில் அரசு அவருடைய உடலுக்குச் செய்ததைப் பற்றியும் தமிழில் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது.

டியூரிங்கின் தாய் எதெல் சாரா ஸ்டோனி 1881இல் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள போத்தனூரில் பிறந்தவர். அவருடைய தந்தை மதராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியியலாளர். டியூரிங்கின் தந்தை ஜூலியஸ், மதராஸ் மாகாணத்தில் இந்திய சிவில் சேவை அதிகாரி. மூத்த மகன் ஜோன் 1908இல் குன்னூரில் பிறந்தார். அலன் 1912 ஜூன் 23இல் லண்டனில் பிறந்தார்.

பெற்றோர் மீண்டும் இந்தியாவுக்குக் கப்பலேற, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் தென்கரையில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்தில் விடப்பட்டார்கள். தாயும் தந்தையும் எப்போதாவது வந்துபோகும் வீடாக அது பல ஆண்டுகள் நீடித்தது. 1923இல் தாய் வரைந்த ஒரு சித்திரம் இன்றும் இருக்கிறது. பாடசாலை மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் ஹொக்கி விளையாட, அலன் குனிந்து டெய்சிப் பூக்கள் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

பதினேழு வயதில் அவருடைய நெருங்கிய நண்பர் கிறிஸ்டோபர் மோர்கம் காசநோயால் இறந்தார். அந்த இழப்பு டியூரிங்கை விட்டு நீங்கவேயில்லை. மனமும் உடலும் எப்படி இணைந்திருக்கின்றன என்ற கேள்வி அவருக்கு அப்போதுதான் ஆழமானது. கேம்பிரிட்ஜில் படித்து, 1936இல் எந்தக் கணக்கையும் படிப்படியாகச் செய்யக்கூடிய ஒரு கற்பனை இயந்திரத்தை விவரித்தார். இன்றைய கணினியின் அடிப்படை அதுவே.

1939 செப்டெம்பரில் பிரித்தானியா யுத்தத்தை அறிவித்த மறுநாள் அவர் பிளெட்ச்லி பார்க் சங்கேத மையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். போலந்துக் கணிதவியலாளர்கள் முன்னரே செய்திருந்த வேலையின் மீது நின்று, ஜேர்மனியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்கும் 'பொம்பே' இயந்திரத்தை வடிவமைத்தார். யுத்தம் முடிவதற்குள் 200க்கும் மேற்பட்ட பொம்பேக்கள் கட்டப்பட்டன. அட்லாண்டிக்கில் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நீர்மூழ்கிகளின் செய்திகளை வாசிக்க அவருடைய குழு வழி கண்டது. ஆனால் அங்கு வேலை செய்தவர்கள் பெற்ற தாயிடம்கூட அதைச் சொல்லக்கூடாது. 1970களின் நடுப்பகுதி வரை அது அரச இரகசியமாகவே இருந்தது.

யுத்தத்துக்குப் பிறகு மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், உலகின் முதற் கணினிகளில் ஒன்றின் முன் அமர்ந்து டியூரிங் மீண்டும் பூக்களிடம் திரும்பினார். எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி இருக்கும் ஒரு கருவில் இங்கே கையென்றும் அங்கே காலென்றும் எப்படிப் பிரிகிறது? சிறுத்தையின் தோலில் புள்ளிகள் ஏன் இடைவெளி விட்டு விழுகின்றன? உள்ளே இருந்து கட்டளையிடும் மையம் எதையும் அவர் தேடவில்லை. இரண்டு இரசாயனங்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்தபடி, வேறுவேறு வேகத்தில் பரவினாலே போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார்.

வரண்ட நிலத்தில் புல் முளைப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு புற்கொத்து தன் அடியில் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் பக்கத்தில் இன்னும் புல் வரும். அதன் வேர் தூரத்திலிருந்தும் தண்ணீரை இழுப்பதால் சற்றுத் தள்ளி ஒன்றும் முளைக்காது. கடைசியில் நிலமெங்கும் ஏறத்தாழ ஒரே இடைவெளியில் கொத்துக்கொத்தாகப் புல் நிற்கும். நாடா பிடித்து அளந்தவர் எவருமில்லை. பக்கத்தில் வளர்க்கும் விசை ஒன்று, தூரத்தில் தடுக்கும் விசை ஒன்று. டியூரிங்கின் கணக்கு சொல்வது இதைத்தான்.

அந்தக் கட்டுரையை அவர் 1951 நவம்பரில் ரோயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அது 1952 ஓகஸ்டில் வெளியானது. இரண்டுக்கும் இடையில் அவர் நீதிமன்றத்தில் நின்றார். வீட்டில் திருட்டு நடந்ததென்று அவரே பொலிஸாரிடம் முறையிட்டார். விசாரித்த பொலிஸார், அவருக்கு ஓர் ஆணுடன் உறவு இருப்பதை அறிந்து அவர் மீதே வழக்குத் தொடுத்தார்கள். சிறைக்குப் பதிலாக ஓர் ஆண்டுக்குப் பெண் ஹோர்மோன் ஏற்றிக்கொள்ளும்படி விதிக்கப்பட்டது. இரசாயனங்கள் கட்டளையின்றி உடலை எப்படி உருவாக்குகின்றன என்று எழுதியவரின் உடலை, கட்டளையிட்டு இரசாயனத்தால் மாற்ற முயன்றது அரசு. அவருடைய மார்பு பருத்தது. அரச இரகசியப் பணிகளின் கதவும் அடைபட்டது.

1954 ஜூன் 7ஆம் திகதி இரவு டியூரிங் இறந்தார். வயது 41. மறுநாள் சடலம் கண்டெடுக்கப்பட்டது. சயனைட் நஞ்சு என்றது பரிசோதனை. அருகில் பாதி கடித்த அப்பிள் கிடந்தது, அதில் நஞ்சு இருந்ததா என்று யாரும் சோதிக்கவில்லை. ஜூன் 10ஆம் திகதி மரண விசாரணை நடந்து, தற்கொலை என்று தீர்ப்பானது.

தாய் அதை ஏற்கவில்லை. வீட்டில் இரசாயனப் பரிசோதனை செய்யும் பழக்கமுள்ள மகன், கவனக்குறைவால் இறந்தான் என்றே கடைசிவரை நம்பினார். அவர் நம்பியது சரியா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. மகனின் வாழ்க்கை வரலாற்றை அவரே எழுதி 1959இல் வெளியிட்டார். யுத்தத்தில் மகன் என்ன செய்தான் என்பதை அந்தப் புத்தகத்தில் அவரால் எழுத முடியவில்லை. போத்தனூரில் பிறந்த அந்தத் தாய் 1976இல் இறந்தார்.

டியூரிங் காகிதத்தில் போட்ட கணக்கு 1990இல் பிரான்ஸின் போர்தோவில் ஒரு கூழ்மத் துண்டில் புள்ளிகளாகத் தெரிந்தது. 1996இல் ஜப்பானில், உள்ளே நடக்கும் இரசாயன வினையால் தானாகவே சுருங்கி விரியும் கூழ்மத்தை உருவாக்கினார்கள். 2016இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் மின்கலமும் மின்சுற்றும் இல்லாத, ஒக்டோபஸ் வடிவ மென்மையான றோபோவைச் செய்தது. இரசாயன எரிபொருள் உண்டாக்கும் வாயுவே அதன் கைகளை மாறிமாறி அசைத்தது. இந்தியாவில் வளர்ந்த ராதிகா நாக்பாலின் ஹார்வர்ட் ஆய்வுக்கூடம் 2014இல் 1,024 சிறு றோபோக்களைத் தாமாகவே அணிசேர்ந்து உருவங்களை அமைக்க வைத்திருந்தது.

2018இல் பிரிஸ்டல், பார்சிலோனா ஆய்வாளர்கள் அதே வகை றோபோக்கள் 300ஐ எடுத்து, டியூரிங்கின் கணக்கை அவற்றுக்கு ஊட்டினார்கள். ஒவ்வொன்றும் பக்கத்தில் நிற்பவற்றோடு மட்டுமே செய்தி பரிமாறியது. முழு உருவத்தின் வரைபடம் ஒன்றிடமும் இல்லை. இருந்தும் கூட்டத்திலிருந்து கை போன்ற கிளைகள் வளர்ந்தன. ஆய்வாளர்கள் ஒரு பகுதியை வெட்டி எடுத்தபோது, மிச்சமிருந்தவை நகர்ந்து மீண்டும் உருக்கொண்டன.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு இதை ஆய்வுக்கூடத்தில் காட்ட வேண்டியதில்லை. திட்டமும் அதிகாரியும் வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து கிணற்றை இறைத்தவர்களும், பற்றை வெட்டிப் பாதை எடுத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. றோபோக் கூட்டம் தன் காயத்தை மூடிவிடும், வெட்டியது யார் என்று கேட்காது. மனிதர்கள் கேட்பார்கள். ஊர் தானாக எழுந்து நின்றது என்பது, பதில் சொல்ல வேண்டியவர்களின் கடனைத் தீர்த்துவிடாது.

டியூரிங்கைத் தண்டித்த சட்டத்தை இங்கிலாந்து 1967இல் தளர்த்தியது. பிரித்தானியர் 1883இல் இலங்கைக்குக் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவையிலும் அதே நோக்கமுள்ள 365, 365அ பிரிவுகள் உண்டு. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது.

டியூரிங்கை நடத்திய விதத்துக்காகப் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுண் மன்னிப்புக் கேட்டது 2009 செப்டெம்பரில். அரச மன்னிப்பு 2013இல் வந்தது. 2021இல் அவருடைய முகம் 50 பவுண் தாளில் அச்சானது. அவர் இறந்து 55 ஆண்டுகளும், மகனுக்காகத் தீர்ப்பை ஏற்க மறுத்த தாய் இறந்து 33 ஆண்டுகளும் கழிந்த பிறகுதான் அந்த முதல் வார்த்தை வந்தது.