டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

நள்ளிரவு நேரம். நெடுஞ்சாலை ஓரத்தில் சுமை ஏற்றிய பழைய லாரி ஒன்று நிற்கிறது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திணறித் திணறி அடங்கிவிட்டது. டிரைவர் கீழே இறங்குகிறார். கிளீனர் டார்ச் விளக்கைப் பிடிக்கிறார். வடிகட்டியின் தலையிலுள்ள சிறு திருகைத் தளர்த்திவிட்டு டிரைவர் கைப்பம்பை அழுத்துகிறார். நுரையும் குமிழியுமாக எண்ணெய் வெளிவருகிறது. ஏர் பிடித்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. குமிழி ஓய்ந்து தெளிந்த டீசல் வரும்வரை அழுத்தி, திருகை இறுக்கி, எஞ்சினை முடுக்குகிறார். லாரி உறுமிக்கொண்டு புறப்படுகிறது.

அந்த டிரைவர் நாள்தோறும் உச்சரிக்கும் டீசல் என்ற சொல், ஓர் எண்ணெயின் பெயராக மட்டுமே நம்மில் பலருக்குத் தெரியும். அது ஒரு மனிதரின் பெயர். உலகின் சுமையைத் தூக்கும் எஞ்சினை உருவாக்கிவிட்டுத் தன் சுமையைத் தாங்க முடியாமல் மறைந்த ஒரு மேதையின் பெயர். அவர் வாழ்க்கையை அறிந்துகொள்வது, இயந்திரம் பயில்வோர்க்கு மட்டுமின்றி, கலைக்கல்லூரி மாணவர்களாகிய நமக்கும் பயன் தருவதாகும்.

இளமையும் கல்வியும்

ரூடால்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தவர்கள். தந்தை தியோடர் புத்தகம் கட்டும் தொழிலும் தோல் வேலையும் செய்து பிழைத்தவர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர் என்ற காரணத்தால் அக்குடும்பம் பாரிசை விட்டு வெளியேற்றப்பட்டு லண்டன் சேர்ந்தது. அங்கே வறுமை. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ரூடால்ப், தந்தையின் சொந்த ஊரான ஆக்ஸ்பர்க்குக்கு, உறவினர் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பப்பட்டான். அங்கே அவனை வளர்த்தவர் ஒரு கணித ஆசிரியர்.

அந்த வீடே அவன் வாழ்வின் திசையை மாற்றியது. பள்ளியில் முதல் மாணவனாகத் தேறினான். 1875-இல் உதவித்தொகை பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான். அங்கே குளிர்பதன இயந்திரத்தின் முன்னோடியான கார்ல் லிண்டே அவனுக்கு ஆசிரியராக வாய்த்தார். டைபாய்டு காய்ச்சலால் 1879-இல் தேர்வு எழுத இயலாமற் போயிற்று. மனம் தளராமல் இடைப்பட்ட காலத்தில் சுவிட்சர்லாந்தில் சுல்சர் தொழிற்சாலையில் வேலை பழகி, 1880-இல் மிகச் சிறந்த மதிப்பெண்களுடன் பட்டம் பெற்றார். பின்னர் லிண்டேயின் பனிக்கட்டித் தொழிற்சாலையில் பாரிசிலேயே பணி கிடைத்தது. 1883-இல் மார்த்தா என்னும் பெண்மணியை மணந்தார். மூன்று மக்கள் பிறந்தனர்.

வகுப்பறையில் விழுந்த விதை

மாணவராக இருந்தபோதே ஒரு செய்தி அவரை உறுத்திக்கொண்டிருந்தது. அக்கால நீராவி எஞ்சின்கள் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக் கூட வேலையாக மாற்றவில்லை. மீதியெல்லாம் புகைபோக்கி வழியே வீணாயிற்று. இந்த வீணடிப்பைக் குறைக்க வழி இல்லையா என்பதே அவர் வாழ்நாள் வினா.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அனைவரும் அறிவோம். காற்றை அழுத்தினால் வெப்பம் பிறக்கிறது. மிக மிக அழுத்தினால், அதில் தெளிக்கும் எரிபொருள் தீப்பொறி எதுவும் இல்லாமல் தானே பற்றிக்கொள்ளும். இவ்வழியில் அழுத்தம் கூடக் கூட எரிபொருளின் பயனும் கூடும். இந்த எண்ணத்துக்கு 1892-இல் காப்புரிமை கோரினார். அடுத்த ஆண்டு அது வழங்கப்பட்டது. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையும் குரூப் நிறுவனமும் சோதனைக்குத் துணை நின்றன.

எண்ணெய் ஊட்டும் சிக்கல்

எண்ணம் எளிது, எஞ்சின் எளிதாக இல்லை. 1893 ஆகஸ்ட் 10-ஆம் நாள் முதற் சோதனை நடந்தது. எரிபொருள் பற்றிக்கொண்டது உண்மை. ஆனால் அழுத்தம் ஏறிய வேகத்தில் அளவு கருவி வெடித்துச் சிதறியது. தீப்பொறி இன்றி எரியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. எஞ்சின் மட்டும் ஓடவில்லை. 1894 பிப்ரவரி 17-இல் அது ஏறத்தாழ ஒரு நிமிடம் தன் ஆற்றலாலேயே சுழன்றது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னும் மூன்றாண்டு உழைப்பு தேவைப்பட்டது.

எங்கே தடை? எரிபொருளை உள்ளே செலுத்துவதில்தான். பெரும் அழுத்தத்தில் இருக்கும் காற்றுக்குள், மிகச் சிறிய அளவு எண்ணெயை, சரியான கணத்தில், பனிபோல் நுண்துளிகளாகத் தெளிக்க வேண்டும். நேரடியாகப் பம்ப் செய்து பார்த்தார். அன்றிருந்த கருவிகளால் அவ்வளவு நுட்பமாகச் செய்ய இயலவில்லை. ஆகவே வேறு வழியை நாடினார். இன்னும் அதிக அழுத்தத்துக்கு ஏற்றிய காற்றைக் கொண்டு எண்ணெயை உள்ளே ஊதிவிட்டார். அந்த முறை வென்றது.

1897 பிப்ரவரி 17-இல் மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் அந்த எஞ்சினை முறைப்படி சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26.2 பங்கு வேலையாக மாறியது. நீராவி எஞ்சின்கள் கனவிலும் காணாத அளவு அது! அந்த எஞ்சின் இன்று மியூனிக் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

ஆனால் வென்ற அந்த முறையிலேயே ஒரு குறையும் ஒளிந்திருந்தது. எண்ணெயை ஊதும் காற்றை அழுத்த ஒரு தனி இயந்திரம் தேவைப்பட்டது. அது பளுவானது, எஞ்சினின் ஆற்றலில் ஒரு பங்கைத் தானே விழுங்கியது, அடிக்கடி பழுதும் ஆயிற்று. தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் அது பொருந்தியது. 1912-இல் செலாண்டியா என்னும் டீசல் கப்பல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் வரை சென்று உலகை வியக்கவைத்தது. லாரிக்குள் மட்டும் அந்த எஞ்சின் அடங்கவில்லை. சாலை வண்டிக்கேற்ற சிறிய எஞ்சினை அமைக்க 1908-இல் டீசல் முயன்றார். வெற்றி கிட்டவில்லை.

புகழும் வீழ்ச்சியும்

1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. காலனி நாடுகள் தம் மண்ணில் விளைந்த எண்ணெயைக் கொண்டே ஆற்றல் பெறலாம் என்பது அதன் நோக்கம். கடலை விளையும் நாட்டவராகிய நாம் இதை நினைவில் கொள்ளவேண்டும். 1903-இல் தொழிலாளர் ஒன்றுகூடித் தொழில் நடத்தும் ஒரு சமுதாயத்தைப் பற்றி நூல் ஒன்றும் எழுதினார். அவர் உள்ளம் இயந்திரத்தோடு நின்றுவிடவில்லை.

காப்புரிமை விற்பனையால் அவர் செல்வரானார். அமெரிக்க உரிமை மட்டுமே பத்து லட்சம் மார்க்குக்கு விலைபோயிற்று. ஆனால் முதலில் விற்ற எஞ்சின்கள் பழுதாகிப் பழுதாகித் திரும்பின. காப்புரிமை வழக்குகள் அவரை அலைக்கழித்தன. 1898-இல் உடலும் மனமும் சோர்ந்து மருத்துவமனையில் தங்கினார். மியூனிக்கில் மாளிகை கட்டினார். நிலத்திலும் பிறவற்றிலும் போட்ட முதல் கரைந்தது. எஞ்சினின் வெப்பத்தில் ஓர் இம்மியும் வீணாகக் கூடாது என்று பாடுபட்டவருக்குத் தன் கைப்பொருள் வீணாவதைத் தடுக்கத் தெரியவில்லை!

1913 செப்டம்பர் 29 மாலை, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்னும் கப்பலில் ஏறி இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டார். உடன் வந்தவர்களோடு உணவருந்தினார். காலையில் எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குச் சென்றார். விடிந்தபோது அறையில் அவர் இல்லை. படுக்கை கலையாமல் கிடந்தது. பத்து நாட்களுக்குப் பின் கடலில் மிதந்த உடலிலிருந்து எடுத்த பொருள்களைக் கண்டு, அவை தந்தையுடையவை என்று மகன் அடையாளம் காட்டினார். புறப்படுமுன் அவர் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கும்படி சொல்லியிருந்தார். அதில் இருபதாயிரம் மார்க் பணமும், வங்கியில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று காட்டும் கணக்குகளும் இருந்தன. அப்போது அவருக்கு வயது 55.

அவர் விட்டதைப் பிறர் முடித்தனர்

1923, 1924 ஆண்டுகளில், காற்றழுத்தும் இயந்திரம் இல்லாத டீசல் லாரிகள் ஜெர்மனியில் வெளிவந்தன. 1927-இல் ராபர்ட் பாஷ் நிறுவனம் எண்ணெய் செலுத்தும் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. டீசல் கைவிட்ட நேரடிப் பம்ப் முறையே மீண்டும் வந்தது. அதன் தண்டுக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். 1893-இல் இல்லாத அந்த நுட்பம் அப்போது கைவந்துவிட்டது. நம் நாட்டில் 1951-இல் பெங்களூரில் மைக்கோ நிறுவனம் தோன்றி இத்தகைய பம்புகளைச் செய்தது. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. டீசலின் எஞ்சின் நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடலாயிற்று.

பழைய லாரியின் பாடம்

புதிய லாரிகளில் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் இன்றும் ஓடும் பழைய லாரிகளில், டீசல் பட்ட அதே பாட்டை மெக்கானிக்குகள் படுகிறார்கள். எஞ்சின் நின்றால் பலர் உடனே பம்பைக் கழற்றச் சொல்வார்கள். அதற்கு ஆகும் செலவு, சிறு லாரி உரிமையாளர் ஒருவரின் பல நாள் வருமானம். தேர்ந்த மெக்கானிக் அவ்வாறு செய்யமாட்டார். டாங்கியிலிருந்து தொடங்கி எண்ணெய் போகும் வழியே போவார். டாங்கி மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் எண்ணெய் இறங்காது. மூடியைத் தளர்த்தினாலே தெரியும். டாங்கிக்கும் ஊட்டும் பம்புக்கும் இடையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். ஆகவே குழாய் உலர்ந்திருக்கிறது என்று ஏமாறக் கூடாது. ஒரு டின்னில் எண்ணெயை உயரத்தில் வைத்து, தனிக் குழாய் வழியே எஞ்சினுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். எஞ்சின் நன்றாக ஓடினால் குற்றம் டாங்கிப் பக்கத்தில்தான்.

அடுத்து வடிகட்டி, அதில் தங்கிய நீர். பின்னரே உயர் அழுத்தக் குழாய்கள். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றாக நட்டைத் தளர்த்துவார்கள். வேகம் குறைந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. குறையாவிட்டால் நோய் அங்கே இருக்கிறது. நாசில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும் வேகமுடையது. அதன் எதிரே கையை நீட்டவே கூடாது. புகையும் பேசும். கரும்புகை காற்றுக்கு மிஞ்சிய எண்ணெயையும், வெண்புகை எரியாத எண்ணெயையும், நீலப்புகை உள்ளே எரியும் மசகெண்ணெயையும் காட்டும். பல வேளைகளில் கடைசியில் அகப்படுவது தேய்ந்துபோன ஒரு செப்பு வாஷர். அதன் விலை சில ரூபாய்.

ரூடால்ப் டீசல் எஞ்சினில் பழுதை இப்படித்தான் தேடினார். ஒரு வழி தவறினால் அடுத்த வழி. வெடித்த கருவியிலிருந்தும் ஓர் உண்மை. நான்கு ஆண்டுகள் அவர் பொறுமை இழக்கவில்லை. அதே பொறுமையோடு தன் வரவு செலவைப் பார்த்திருந்தால், தன் துயரத்தை அருகிலிருந்த ஒருவரிடம் திறந்து சொல்லியிருந்தால், அந்தக் கடற்பயணத்தின் முடிவு வேறாக இருந்திருக்கலாம். எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை ஒரு சிறு திருகைத் திறந்து வெளியேற்றுகிறோம். மனத்தில் அடைபட்டதற்கும் அத்தகைய ஒரு திறப்பு வேண்டும். மாணவ நண்பர்களே, அடுத்த முறை நெடுஞ்சாலையில் லாரி ஒன்று உறுமிச் செல்லும்போது, அந்த மனிதரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.