குளத்தூரார் படித்த சட்டக் கல்லூரி

ஐப்பசி மாதத்து விடியற்காலையில் முசிறி பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். இரவெல்லாம் கொட்டிய மழை சற்றே ஓய்ந்திருக்கும். தெற்கே காவிரி கலங்கிப் புரண்டு ஓடும். திருச்சி போகும் முதல் பஸ்ஸுக்காகக் கோரைப்பாய்க் கட்டோடு ஒருவர் நிற்பார். கொத்து வேலைக்குப் போகும் சித்தாள்கள் சோற்றுத் தூக்கோடு நிற்பார்கள். அவர்களுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் அணிந்து, புத்தகம் நனையாமல் மார்போடு அணைத்தபடி ஓர் இளைஞன் நிற்பான். சட்டக் கல்லூரி மாணவன்!

கூட்டம் பேச அந்தப் பக்கம் செல்லும்போதெல்லாம் இத்தகைய தம்பிமார்களைப் பார்க்கிறோம், பேசுகிறோம், பெருமைப்படுகிறோம். பாய் நெய்தவன் பேரன் பாரிஸ்டர் படிப்பு படிக்கிறான் என்பது சின்னச் செய்தியா? குணசீலம், வாத்தலை, நொச்சியம், டோல்கேட், திருவரங்கம் என்று பஸ் ஊர்ந்து செல்ல, உட்கார இடம் கிடைத்தால் மடியில் புத்தகத்தை விரிக்கிறான். கிடைக்காவிட்டால் நின்றபடியே மனப்பாடம் செய்கிறான். பருவத் தேர்வு நெருங்குகிறது. போதாக்குறைக்கு இன்னொரு தொல்லை. ஏமாற்றுக்காரனை நானூற்று இருபது என்று நம் தெருக்காரர்கள் பல தலைமுறையாகத் திட்டி வந்தார்களே, அந்த 420 இப்போது 318 ஆகிவிட்டது. 1860இல் எழுதிய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று போய், பாரதிய நியாய சன்ஹிதா என்ற பெயரில் வேறொன்று வந்தது. பழைய வழக்குக்குப் பழைய எண். புதிய வழக்குக்குப் புதிய எண். இரண்டையும் படிக்கிறான், பாவம்! சட்டத்தின் பெயரையே நாக்கு சுளுக்காமல் சொல்லப் பழக வேண்டியிருக்கிறது.

விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிறான். அங்கே அவனுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. பங்காளி வழக்கிலே வந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு பெரியப்பா வந்திருப்பார். கடன் வழக்கிலே வந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அத்தை வந்திருப்பார். காகிதமெல்லாம் ஆங்கிலம். தம்பி படித்துப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். நிலம் இவர்களுடையது, கடன் இவர்களுடையது, தலைக்கு மேலே தொங்கும் கத்தியும் இவர்களுடையது, காகிதத்தின் மொழி மட்டும் இவர்களுடையது அல்ல! பையன் சொல்லச் சொல்ல அவர்கள் முகம் தெளிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மொழிபெயர்ப்பு என்பது எத்தனை பெரிய தொண்டு என்று.

இதே திருச்சிச் சீமையில், 170 ஆண்டுகளுக்கு முன்பு, இதே வேலையைச் செய்துகொண்டே சட்டம் படித்த இளைஞர் ஒருவர் இருந்தார். அவருக்குச் சட்டக் கல்லூரி இல்லை. பட்டம் இல்லை. பருவத் தேர்வு இல்லை. ஆனால் படித்தார், நீதிபதியானார், தான் படித்ததைத் தமிழருக்குத் தமிழில் கொடுத்தார். அவர்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் மாயூரம். பிறந்த ஊர் திருச்சியை அடுத்த குளத்தூர்.

1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். முதல் பாடம் தந்தையிடம். பிறகு திருச்சியில் தியாகப் பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். தியாகப் பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார் அல்லர், நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளர். ஆகவே வேதநாயகம் அறிந்த ஆங்கிலம், கதைப் புத்தகத்து ஆங்கிலமாக மட்டும் இருக்கவில்லை. வழக்குக் காகிதத்து வாடை வீசும் ஆங்கிலமாகவும் இருந்தது.

1848இல் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளர் வேலை கிடைத்தது. வயது இருபத்திரண்டுகூட நிரம்பாத பருவம். நாட்டை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னைப் பல்கலைக்கழகம் தோன்ற இன்னும் ஒன்பது ஆண்டு இருந்தது. சென்னைச் சட்டக் கல்லூரி 1891இல்தான் வந்தது. திருச்சி அரசு சட்டக் கல்லூரியோ 1979இல். ஆவண அறைதான் அந்த இளைஞருக்குக் கல்லூரி. கட்டுக் கட்டாகக் காகிதம். காகிதத்துக்குள்ளே ஊர்ப் பகையும் உறவுப் பகையும்.

அந்தக் காகிதத்தின் மொழி எப்படிப்பட்டது? திருச்சியை ஆர்க்காட்டு நவாபு ஆண்டு, பிறகு 1801இல் கம்பெனி எடுத்துக்கொண்டது. நவாபு போனார், அவர் ஆட்சியின் சொற்கள் போகவில்லை. பிராது, தாவா, வாய்தா, வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, அமீனா, முன்சீப் - அத்தனையும் அரபிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. அதற்கு மேலே கம்பெனியின் ஆங்கிலம் ஏறி உட்கார்ந்தது. இரண்டுக்கும் அடியிலே, கைகட்டி நின்ற குடியானவனின் தமிழ். மூன்று அடுக்கு! அடித்தட்டிலே நின்றவனுக்கு மேல்தட்டில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது.

இரண்டாண்டில், 1850இல், அங்கேயே மொழிபெயர்ப்பாளரானார். தோழர்கள் அந்த வேலையின் தன்மையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். மேலே அமர்ந்திருப்பவர் வெள்ளைக்கார நீதிபதி. கூண்டிலே நிற்பவர் தமிழர். அவர் சொன்னது இவர் பேனா வழியாகத்தான் நீதிபதியின் கண்ணுக்குப் போகும். கொடுத்தேன் என்பதற்கும் கொடுத்ததாக ஒப்புக்கொண்டேன் என்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லில் ஒரு வேலி நிலம் கைமாறும். ஒரு மனிதன் சிறைக்குப் போவான். ஆகவே மொழிபெயர்ப்பவன் எழுத்துக்கு எழுத்து நின்று நிதானித்துப் படித்தாக வேண்டும். வேலைக்குக் கூலியும் பெற்று, வேலையாலேயே சட்டமும் கற்றார் வேதநாயகம். இன்றைக்கு மாணவர்கள் கல்லூரியில் மாதிரி நீதிமன்றம் நடத்திப் பழகுகிறார்களே, அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் கண்டது முழுக்க நிஜ நீதிமன்றம், நிஜக் கண்ணீர்.

ஆங்கிலக் காகிதத்தோடு புழங்கியவர் தமிழை மறந்தாரா? அதுதான் இல்லை. திருச்சியில் அப்போது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாழ்ந்துவந்தார். அந்தப் பெரும் புலவரின் நட்பு இவருக்குக் கிடைத்தது. வாழ்நாள் முழுதும் நீடித்தது. பின்னாளில் அவர் இவரைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை என்றொரு நூலே பாடினார். உத்தியோகம் கிடைத்ததும் தமிழைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே போகிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். குளத்தூரார் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை.

முன்சீப் தேர்வு எழுதினார், தேறினார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி வாணிகம் செய்து, 1845இல் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போன கடற்கரை ஊர் அது. அடுத்துச் சீர்காழி, அதன் பின் மாயூரம். நேற்று வரை நீதிபதியின் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர், நீதிபதியின் நாற்காலியில் அமர்ந்தார். இனிமேல் வழக்காடுபவருக்கும் நீதிபதிக்கும் நடுவே வேறொரு பேனா தேவையில்லை! பதவிக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நீதிநூல் என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். அதிலே கைக்கூலியைச் சாடினார். கைக்கூலி என்றால் லஞ்சம். கச்சேரி வாசலில் அது எப்படி நடமாடும் என்று ஆவண அறையிலிருந்து நாற்காலி வரை பார்த்தவர் எழுதியது; ஆகவே அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அவர் செய்த பெருஞ்செயலுக்கு வருவோம். 1862ஆம் ஆண்டை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் திறக்கப்பட்டது. அதுவரை மேல்முறையீடுகளைக் கேட்டுவந்த சதர் நீதிமன்றம் மூடப்பட்டது. இரண்டும் அரசாங்கம் செய்தவை. அதே 1862இல் ஒரு முன்சீப் தனி மனிதராக ஒரு காரியம் செய்தார். 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த முக்கியத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் புத்தகமாக்கினார். ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகள்! பாகம் எப்படிப் பிரியும், பத்திரம் எப்போது செல்லும், கடன் எப்போது காலாவதியாகும் என்று ஆங்கிலம் அறிந்தவர் மட்டும் பூட்டி வைத்திருந்த பெட்டகம், தமிழ் படித்தவர் அனைவருக்கும் திறந்தது. அரசாங்க நிதி ஒதுக்கீடு இல்லை. குழு இல்லை. கலைச்சொல் அகராதி இல்லை. பகலெல்லாம் வழக்குக் கேட்ட மனிதர், பத்தாண்டுக்கு மேல் காகிதத்தோடு புழங்கிய கையைக் கொண்டு எழுதி முடித்தார். சட்டத்தைத் தமிழில் சொல்ல முடியாது, சொற்கள் இல்லை என்று இன்றைக்கும் கைவிரிக்கும் மேதாவிகளுக்கு அந்த ஒரு புத்தகமே போதுமான பதில்.

அதோடு விட்டாரா? 1872இல் ஓய்வு பெற்றபின், 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளியிட்டார். தமிழில் முதல் நாவல் என்று எல்லோரும் அறிவர். பலர் அறியாதது, அந்த நாவலுக்குள்ளே ஒரு வழக்கு நடக்கிறது என்பது. கதையின் ஊடே வக்கீல்களைப் பிடித்து நிறுத்திக் கேட்கிறார் வேதநாயகம். நீதிபதி தமிழர், வக்கீல் தமிழர், கட்சிக்காரர் தமிழர், ஊர் தமிழ் ஊர். அப்படியிருக்க யாருக்காக ஆங்கிலத்தில் வாதாடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. சட்டம் தெரியாத ஒருவர் மேடையிலிருந்து கேட்ட கேள்வி அல்ல இது. ஆங்கிலமும் தமிழும் அறிந்து, பதினைந்தாண்டு நீதிபதியாக இருந்தவர் கேட்டது.

1869இல் பெண்மதி மாலை எழுதிப் பெண் கல்விக்காக வாதாடினார். நாவலிலே ஞானாம்பாளை ஆண் வேடத்தில் அரியணை ஏற்றி, நீதி செலுத்த வைத்தார். 1876 முதல் 1878 வரை நாட்டைச் சூறையாடிய பஞ்சத்தில் தன் பொருளைக் கொடுத்துப் பசி தீர்த்தார். அதைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனை பாடினார். கிறித்தவராக வாழ்ந்தவர், எல்லாச் சமயத்தாரும் பாடும்படி சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் செய்தார். 1889 ஜூலை 21 அன்று மறைந்தார்.

அவர் கேட்ட கேள்வி மட்டும் மறையவில்லை. கீழ் நீதிமன்றங்களில் தமிழுக்குச் சட்டம் இடம் தருகிறது. முழுமையாகப் பயன்படுத்தத்தான் மனம் வேண்டியிருக்கிறது. உயர்நீதிமன்றத்தில்? ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் மாநிலங்களின் உயர்நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் உண்டு. அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது. அதே வழியில் தமிழுக்கும் இடம் வேண்டும் என்று 2006இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. கதவு இன்னும் திறக்கவில்லை. 2019 முதல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகளில் சிலவற்றைத் தமிழிலும் பெயர்த்து வெளியிடுகிறது, வரவேற்கிறோம். ஆனால் குளத்தூரார் அதை 1862இல் செய்து முடித்துவிட்டார் என்பதையும் அடக்கத்தோடு நினைவூட்டுகிறோம்.

மீண்டும் முசிறி பஸ்ஸுக்கு வருவோம். தம்பி, பருவத் தேர்வு வரும், போகும். நீ கறுப்பு அங்கி அணியும் நாளும் வரும். அன்று உன்னை நாடி வருபவர் உன் பெரியப்பாவைப் போன்றவராகத்தான் இருப்பார். நீ எழுதிய மனுவைக் கையெழுத்து வாங்குவதற்கு முன் அவருக்குத் தமிழில் ஒருமுறை படித்துக் காட்டு. நீதிமன்றத்தில் உன்னால் தமிழில் வாதாட முடிகிற இடத்திலெல்லாம் தமிழில் வாதாடு.

தொழிலாளத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு சொல். வக்கீல் நீட்டும் காகிதத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வைப்பதற்கு முன்னே, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். வழக்கு உங்களுடையது. அதை உங்கள் மொழியில் அறிந்துகொள்ளும் உரிமையும் உங்களுடையது. குளத்தூர் வேதநாயகம் பிள்ளை தன் வாழ்நாளெல்லாம் நடத்திய வழக்கு அது ஒன்றுதான். தீர்ப்பு இன்னும் முழுதாக வரவில்லை. வழக்கை நாம் கைவிடவும் இல்லை.