தாய்மார் நலத்திற்கு வாதாடிய அண்ணல்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தின் சிற்பியாகவே நம்மவர் போற்றுவர். கருவுற்ற தாய்மாருக்காக அவர் வாதாடியதைச் சொல்வோர் மிகச் சிலர்.

1891இல் மகூவில், பெற்றோருக்குப் பதினான்காம் பிள்ளையாகப் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர் இளமையிலேயே மாண்டனர். அவர் சிறுவனாயிருக்கையில் அன்னை பீமாபாயும் மறைந்தார். மனைவி இரமாபாய் அம்மையார் ஈன்ற ஐவருள் நால்வர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். நோயுற்ற அம்மையாரும் 1935இல் காலமானார். இத்துயரங்களை மனத்திற்கொண்டே அவருடைய சட்டமன்றப் பணியை நாம் நோக்க வேண்டும்.

1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில், ஆலைப் பெண்களுக்குப் பேறுகால உதவி வழங்கும் மசோதாவை ஆதரித்தார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு கொள்வது நாட்டுக்கே நலம். ஆதலின் அரசு பொறுப்பேற்க வேண்டும், அவள் உழைப்பால் பயனடையும் முதலாளியும் பங்கு தர வேண்டும் என்பது அவர் வாதம். மறு ஆண்டே அது சட்டமாயிற்று.

1938இல் அவர் கட்சி கொணர்ந்த கருத்தடைத் தீர்மானம் தோற்றது. விரும்பாத கருவைத் தவிர்க்கும் உரிமை பெண்ணுக்கு உண்டென்பதை அன்றைய அவை ஏற்கவில்லை. 1942 முதல் அவர் வைசிராயின் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில், சுரங்கப் பெண்களின் பேறுகாலச் சட்டம் இருமுறை திருத்தப்பட்டது.

ஆனால் சீவலப்பேரியில் ஆலை ஏது, சுரங்கம் ஏது? நம் அன்னையர் நிறைமாதத்திலும் தாமிரபரணிப் பாசன வயல்களில் குனிந்து நாற்று நட்டவர்கள். ஆலை, சுரங்கம், தோட்டங்களுக்கென 1961இல் வந்த பேறுகால நலச் சட்டமும் அந்த நடவு வயலுக்குள் இறங்கவில்லை.