சிறுவர்களை நம்பிய சுவாமிகள்

நம் கழகத்தின் கலை இரவுக்கு நாடகம் தயாரிக்கும்போதெல்லாம் பிரகலாதன், சத்தியவான் சாவித்திரி என்று தமிழ்ப்பள்ளியில் கேட்ட கதைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் வசனம் எழுதுவார். ஒருவர் பாட்டைக் கவனிப்பார். மூன்றாம் நாள் ஒத்திகையிலேயே சண்டை வந்துவிடும். எல்லாருக்கும் தெரிந்த கதையை மேடையில் எப்படிச் சொல்வது? யார் சொல்வதை யார் கேட்பது? இந்தக் கேள்விகளுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் தூ.தா. சங்கரதாஸ் சுவாமிகள்.

1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் சுவாமிகள் பிறந்தார். தந்தை தாமோதரன் தமிழ்ப் புலமை மிக்கவர். தந்தையிடமும் பின்னர் பழநி தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் கற்ற அவர், சில காலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்தார். 1891இல், 24ஆம் வயதில், அந்த வேலையை உதறிவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார். கூத்தாடிகள் என்று நாடகக்காரர்களை இழிவாகப் பேசிய காலம் அது. படித்த இளைஞர் ஒருவர் எடுத்த அந்த முடிவின் துணிவை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரணியன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் அவர் பெயர் பெற்றார். சனீசுவரன் வேடத்தில் அவரைக் கண்ட கர்ப்பிணிப் பெண் ஒருவர் அதிர்ச்சிக்கு ஆளானதாகவும், அதன்பின் அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டதாகவும் சொல்வார்கள். துறவு மனத்தோடு ஊர் ஊராகத் திரிந்த அவரைப் புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை மகனைப் போல் பாவித்து ஆதரித்தார். அங்கே கற்ற தாள ஞானம் பிற்காலத்தில் அவருடைய பாடல்களில் ஒலித்தது.

அன்றைய மேடையில் கட்டுப்பாடு குறைவு. பல ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் மேடையிலேயே போட்டி போட்டுக் கொண்டு பாடுவார்கள், வாதிடுவார்கள். கைதட்டல் கிடைக்கும், கதை காணாமல் போகும். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவிய சுவாமிகள், பெரியவர்களின் போக்கில் மனம் சலித்துச் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியபோது அவருக்கு வயது 51.

அந்தச் சபையில் சேர்ந்தவர்களில் டி.கே.எஸ். சகோதரர்களும் அடங்குவர். சண்முகத்திற்கு அப்போது ஆறு வயது. சுவாமிகள் ஒவ்வொரு பையனின் குரலையும் நினைவாற்றலையும் அறிந்து அதற்கேற்ப எழுதினார். சண்முகம் முதன்மை வேடத்தில் நடிப்பதற்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாடல்களும் உரையாடல்களுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகமே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். பாரதக் கதை பழையது; அதைப் பாடப்போகும் குரல் புதியது. அவர் அந்தக் குரலிலிருந்து எழுதத் தொடங்கினார்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பாய்ஸ் கம்பெனி என்று அழைக்கப்பட்ட இத்தகைய குழுக்களில் வாழ்க்கை கடினமானது. பையன்கள் வீட்டைப் பிரிந்து, பள்ளிக்கூடம் மறந்து, இரவெல்லாம் கண்விழித்து நடித்தார்கள். குரல் உடைந்தால் வேடமும் போய்விடும். நாம் போற்றும் கலைக்குள் அந்தக் குழந்தைகளின் உழைப்பும் கலந்திருக்கிறது.

இறுதிக் காலத்தில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. பேச்சு நின்றது. திருமணம் செய்து கொள்ளாத அவருக்கு அந்தச் சிறுவர்களே குடும்பம். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் காலமானார். ஆசிரியரின் குரல் அடங்கிய பிறகும் பாடம் மாணவர்களின் நாவில் இருந்தது. 1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்தமாக மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள்.

சுவாமிகள் 68 நாடகங்கள் எழுதியதாகக் கூறுவர். அவற்றுள் பல இன்று நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கடல் கடந்து மலாயாத் தோட்டங்கள் வரை வந்தன. புத்ராஜெயா எழுவதற்கு முன் அங்கிருந்த தோட்டங்களில் வாழ்ந்து, பின்னர் எங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவுக்குக் குடிபெயர்ந்த பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். திருவிழாவில் விடிய விடிய நடந்த நாடகங்களைப் பற்றிக் கண்கள் மின்னச் சொல்வார்கள். தோட்டம் போய்விட்டது, நாடகம் நினைவில் நிற்கிறது.

அடுத்த முறை ஒத்திகையில் சண்டை வரும்போது சுவாமிகளை நினைத்துக் கொள்வோம். யாருக்கு அதிக வசனம் என்று கணக்குப் பார்ப்பதை விட, நம் நடுவே இருக்கும் குரல்களைக் கேட்டு, அவற்றுக்கு ஏற்ற நாடகத்தை எழுதுவோம். மேடைக் கூச்சத்தால் ஓரமாக நிற்கும் முதலாமாண்டு மாணவரிடமும் ஓர் அபிமன்யு இருக்கலாம் அல்லவா?