அனைரின் பெவன்

ஒரு நாட்டின் பெருமையை அதன் படைவலியைக் கொண்டு அளப்பாரும் உளர். வாணிகத்தைக் கொண்டு அளப்பாரும் உளர். நோயுற்ற ஏழை ஒருவனுக்கு அந்நாட்டு மருத்துவமனையில் ஒரு படுக்கை கிடைக்குமா என்று கேட்டு அளப்பவர் சிலரே. நோய் செல்வர் வறியர் என்று பார்த்து வருவதில்லை. ஆனால், மருத்துவம் அவ்வேறுபாட்டை நெடுங்காலம் பார்த்தே வந்தது. பிரிட்டன் நாட்டில் அந்நிலையை மாற்றி, மருத்துவமனைகள் அனைத்தையும் நாட்டின் பொதுவுடைமை ஆக்கிய பெருமை ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனைச் சாரும். அவரே அனைரின் பெவன் ஆவார்.

பெவன் 1897 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15 ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் தென்பகுதியிலுள்ள திரெடிகர் என்னும் ஊரில் பிறந்தார். மலைகளுக்கிடையே நிலக்கரியையும் இரும்பையும் நம்பி வாழ்ந்த ஊர் அது. தந்தையார் டேவிட் பெவன் சுரங்கத்தில் உழைத்தவர். நூல்களில் விருப்பமும் இசையில் ஈடுபாடும் உடையவர். தாயார் பீபி, பத்து மக்களைப் பெற்று, சிலரை இளமையிலேயே இழந்து, எஞ்சியோரை வறுமையிலும் செம்மையாய் வளர்த்தவர். அக்காலத்துத் தொழிலாளர் குடும்பங்களில் பிள்ளைகளின் பள்ளிக் கல்வி விரைவில் முடிந்துவிடும். பெவனும் 13 வயதில் பள்ளியை விட்டு நீங்கிச் சுரங்கத்துள் இறங்கினார்.

பள்ளி நின்றதேயன்றி அவரது கல்வி நிற்கவில்லை. திரெடிகர்த் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறு தொகை ஈந்து ஒரு நூலகத்தை நடத்தி வந்தனர். பகலெல்லாம் கரி வெட்டிய இளைஞர் இரவில் அந்நூலகத்து நூல்களில் மூழ்கினார். அவருக்குத் திக்குவாய் இருந்தது. ஒரு சொல் நாவில் தடைப்பட்டால் அதே பொருளுடைய வேறொரு சொல்லை உடனே எடுத்தாளும் பொருட்டு, சொற்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். கூட்டங்களில் அஞ்சாது எழுந்து பேசிப் பழகினார். குறையை வெல்ல மேற்கொண்ட அம்முயற்சியே பின்னாளில் அவரைப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் தலைசிறந்த பேச்சாளருள் ஒருவராக ஆக்கிற்று. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் உதவியால் 1919 இல் இலண்டன் சென்று ஈராண்டு தொழிலாளர் கல்லூரியில் பயின்றார். ஊர் திரும்பியபோது அவருக்கு வேலை கொடுப்பார் இல்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வேலையின்றி வாடினார்.

அவ்வூரில் மற்றோர் அரிய அமைப்பும் இருந்தது. தொழிலாளர்கள் தம் ஊதியத்தில் ஒரு சிறு பங்கை வாரந்தோறும் செலுத்தி மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தனர். சங்கம் மருத்துவர்களையும் செவிலியரையும் அமர்த்திற்று. நோயுற்றோர் தனியே பணம் தராமல் மருத்துவம் பெற்றனர். ஊர் மக்களுள் மிகப் பெரும்பாலோர் அதன் பாதுகாப்பில் இருந்தனர். புகழ்பெற்ற நாவலாசிரியர் ஏ. ஜே. குரோனின் தம் இளமையில் மருத்துவராகப் பணிபுரிந்ததும் இச்சங்கத்திலேதான். நலமுடையோர் அனைவரும் சிறிது கொடுத்தால் நோயுற்றோர் எவரும் கைவிடப்படமாட்டார் என்னும் உண்மையைப் பெவன் ஏட்டில் படித்து அறிந்தாரல்லர். தம் ஊரில் கண்ணாரக் கண்டு அறிந்தார்.

1925 இல் அவர் தந்தையார் காலமானார். பல்லாண்டு சுவாசித்த கரித்தூசி நுரையீரலில் படிந்து அவரைச் சிறிது சிறிதாகக் கொன்றது. அந்நோய் தொழிலால் வரும் நோய் என்று அன்றைய சட்டம் ஏற்காமையால் குடும்பத்திற்கு இழப்பீடும் கிட்டவில்லை. மகனின் கைகளிலேயே தந்தையின் உயிர் பிரிந்தது. அத்துயரம் பெவனின் உள்ளத்தைவிட்டு என்றும் அகலவில்லை. அவர் ஊர்ப்பணியில் மேலும் ஊக்கத்துடன் ஈடுபட்டார். திரெடிகரிலிருந்த சிறு மருத்துவமனையின் ஆட்சிக் குழுவில் அமர்ந்து, படுக்கைகள் எத்தனை, வருவாய் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கணக்கிடும் பணியைக் கற்றார். 1928 இல் மாவட்ட மன்றத்திற்கும், 1929 இல் எபு வேல் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப் பெற்றார். தம் வாழ்நாள் முடியும் வரை அத்தொகுதியின் உறுப்பினராகவே விளங்கினார். 1934 இல், தம்மைப் போன்றே சுரங்கக் குடும்பத்தில் பிறந்து பாராளுமன்றத்தில் பணியாற்றியவரான ஜென்னி லீ அம்மையாரை மணந்தார்.

அக்காலத்துப் பிரிட்டனின் மருத்துவமனைகள் இருவகையின. ஒருவகை, அறச்செல்வர் நிறுவியவை. இவை நன்கொடையையும் நோயாளர் தரும் பணத்தையும் சந்தாவையும் நம்பி நடந்தன. மற்றொருவகை, நகராட்சிகளும் மாவட்ட மன்றங்களும் நடத்தியவை. அவற்றுட் பல முன்னாளில் ஏழையர் விடுதிகளாக இருந்தவை. செல்வர் வாழும் நகரில் நன்கொடை பெருகிற்று. ஆகவே மருத்துவமனையும் செழித்தது. நோய் மலிந்த சுரங்க ஊரிலோ, ஆலை ஊரிலோ நன்கொடை கொடுப்பாரில்லை. ஆகவே படுக்கையும் இல்லை. எங்கே தேவை மிகுதியோ அங்கே உதவி குறைவு. ஒரு மருத்துவமனையில் இடமின்றி நோயாளர் காத்திருக்க, அடுத்ததில் படுக்கைகள் வெறுமையாய்க் கிடப்பதும் உண்டு. நாடு முழுவதற்கும் எத்தனை படுக்கைகள் வேண்டும், எங்கே கட்டவேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை.

1939 இல் மூண்ட இரண்டாம் உலகப்போர் இவ்வுண்மையை வெளிப்படுத்திற்று. வான்குண்டுகளால் காயமுறுவோருக்கென அரசாங்கம் எல்லா மருத்துவமனைகளிலும் படுக்கைகளை ஒதுக்கச் செய்து அதற்கான பணத்தையும் கொடுத்தது. அதுவரை தனித்தனியே இயங்கியவை முதன்முறையாக ஒரே திட்டத்தின்கீழ் வந்தன. போரின்போதே அரசாங்கம் மருத்துவமனைகளை வட்டாரந்தோறும் ஆராயச் செய்தது. பழைய கட்டடங்கள், போதாத படுக்கைகள், ஒழுங்கின்றிப் பரவிய பணிகள் ஆகியவற்றையே ஆராய்ந்தோர் எங்கும் கண்டனர்.

போர் முடிந்து 1945 இல் நடந்த தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. தலைமை அமைச்சர் அட்லி, 47 வயதினரான பெவனைச் சுகாதார அமைச்சராக்கினார். வீட்டுவசதியும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. பெவன் துணிந்து ஒரு திட்டம் வகுத்தார். அறநிலைய மருத்துவமனைகளையும் நகராட்சி மருத்துவமனைகளையும் ஒருங்கே நாட்டுடைமை ஆக்கவேண்டும். அவற்றின் செலவைப் பெரும்பாலும் பொதுவரியிலிருந்து கொடுக்கவேண்டும். எந்த நோயாளியிடமும் கட்டணம் கேட்கலாகாது என்பதே அத்திட்டம். அமைச்சரவையிலேயே எதிர்ப்பு எழுந்தது. இலண்டன் நகராட்சியில் நெடுங்காலம் தொண்டாற்றிய ஹெர்பர்ட் மாரிசன், ஊராட்சி மன்றங்களின் உரிமையைப் பறித்தல் தகாது என்று வாதிட்டார். வறிய ஊரின் மன்றம் வறிய மருத்துவமனையையே நடத்த இயலும். நாடே பொறுப்பேற்றாலன்றி ஏற்றத்தாழ்வு ஒழியாது என்று பெவன் மறுமொழி தந்தார். அட்லி பெவன் பக்கம் நின்றார். 1946 ஆம் ஆண்டு நவம்பர் 6 ஆம் நாள் தேசிய மருத்துவப் பணிச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது.

சட்டம் நிறைவேறிய பின்னரும் மருத்துவர்களின் எதிர்ப்பு ஓயவில்லை. தாங்கள் அரசாங்கத்தின் சம்பளக்காரராகி விடுவோமென்று அவர்கள் அஞ்சினர். 1948 பிப்ரவரியில் மருத்துவர் சங்கம் எடுத்த வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் பத்தில் ஒன்பதுபேர் திட்டத்தை எதிர்த்தனர். பெவன் கொள்கையில் உறுதியாக நின்றார்; நடைமுறையில் விட்டுக் கொடுத்தார். மருத்துவமனைகளின் சிறப்பு மருத்துவர்கள் பகுதிநேரம் தனியே தொழில் நடத்தவும் இடமளித்தார். குடும்ப மருத்துவர்களை முழுச்சம்பளக்காரராக ஆக்கமாட்டோம் என்பதைச் சட்டத்தாலேயே உறுதிசெய்ய இசைந்தார். எதிர்ப்புத் தணிந்தது.

1948 ஆம் ஆண்டு ஜூலை 5 ஆம் நாள் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மான்செஸ்டர் அருகிலுள்ள பார்க் மருத்துவமனையைப் பெவன் அன்று நேரிற் சென்று ஏற்றார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,688 மருத்துவமனைகளும் அவற்றிலிருந்த ஏறத்தாழ 4,80,000 படுக்கைகளும் ஒரே நாளில் நாட்டின் உடைமையாயின. அவற்றை ஆளுதற்குப் பெவன் வகுத்த முறை எண்ணத்தக்கது. நாட்டை 14 வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டார மருத்துவமனை வாரியம் அமைத்தார். எங்கே படுக்கை குறைவு, எங்கே புதிய கட்டடம் வேண்டும் என்று திட்டமிடுவது வாரியத்தின் கடமை. அதன்கீழ் ஏறத்தாழ 380 ஆட்சிக் குழுக்கள் அன்றாட நிர்வாகத்தைக் கவனித்தன. மருத்துவக் கல்லூரிகளோடு இணைந்த மருத்துவமனைகள் தனி ஆளுநர் குழுக்களின் வழியே நேராக அமைச்சருக்குக் கட்டுப்பட்டன. பணத்தைப் பாராளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கிற்று. எந்த ஊர் மருத்துவமனையில் குறை நேர்ந்தாலும் அதற்கு விடை கூறவேண்டியவர் அமைச்சரே என்பது இம்முறையின் உயிர்நாடி. முன்பு எவரையும் கேட்க வழியற்றிருந்த ஏழைக்கு, இப்போது பாராளுமன்றத்தின் வழியே அரசாங்கத்தைக் கேட்கும் உரிமை வந்தது.

திட்டம் தொடங்கியதும், அதுவரை மறைந்து கிடந்த தேவை வெள்ளம்போல் வெளிப்பட்டது. முதலாண்டில் மட்டும் 50 இலட்சத்திற்கு மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் வழங்கப்பட்டன. செலவு மதிப்பீட்டை மிஞ்சிற்று. நிதித்துறை கவலை கொண்டது. மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் விதிக்க இடந்தரும் சட்டத்திற்குப் பெவன் 1949 இல் இசைய நேர்ந்தது. எனினும், தாம் அமைச்சராயிருந்தவரை அது நடைமுறைக்கு வாராமல் காத்தார்.

அன்றாடச் செலவைவிடக் கடினமாயிருந்தது கட்டடச் செலவு. நாட்டுடைமையான மருத்துவமனைகளுள் 100 க்கு 45 கட்டடங்கள் 1891 க்கு முன்பே எழுந்தவை. பல குண்டுவீச்சில் சிதைந்தவை. ஆனால், போரால் இளைத்த நாட்டில் எஃகும் மரமும் செங்கல்லும் அரிதாயின. வீடிழந்த மக்கள் இலட்சக்கணக்கில் இருந்தனர். வீட்டுவசதிக்கும் பெவனே அமைச்சர் ஆதலின், உள்ள பொருளை வீடுகளுக்கா மருத்துவமனைகளுக்கா தருவது என்னும் வினா அவர் முன்னேயே நின்றது. வீடுகளே முதலில் என்று அவர் முடிவு செய்தார். ஈரமும் நெருக்கடியும் மிக்க வீட்டில் வாழ்வோர் மீண்டும் மீண்டும் நோயுறுவர் அன்றோ? ஆயினும் அம்முடிவின் விலையை மருத்துவமனைகள் கொடுத்தன. புதிய மருத்துவமனை எழவில்லை. பழைய சுவர்களையே செப்பனிட்டுக் காலங்கழிக்க வேண்டியதாயிற்று. அவருக்குப் பின்வந்த அரசாங்கமும் நெடுங்காலம் இதற்குப் பணம் தரத் தயங்கிற்று.

1951 ஜனவரியில் பெவன் தொழிலாளர்துறை அமைச்சரானார். அவ்வாண்டு கொரியப் போரையொட்டிப் படைச்செலவு பெருகிற்று. நிதியமைச்சர் கெயிட்ஸ்கெல் செயற்கைப் பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்கும் பாதி விலையை நோயாளரே தரவேண்டுமென்றார். அதனால் அவ்வாண்டு கிடைக்கக் கூடியது 1 கோடியே 30 இலட்சம் பவுன். பெருஞ்செலவுள்ள அரசாங்கத்திற்கு அது சிறுதொகை. பெவனுக்கோ அது கொள்கையின் அடித்தளத்தில் விழுந்த விரிசல். இன்று கண்ணாடிக்குக் கட்டணம் என்றால் நாளை படுக்கைக்கும் வரும் என அவர் அஞ்சினார். ஏப்ரல் திங்களில் பதவியைத் துறந்தார். அச்செயல் அவர் கட்சியைப் பிளவுறச் செய்தது என்று குறைகூறியோரும் உண்டு. பதவியினும் கொள்கை பெரிது என்று அவர் கருதியதை எவரும் மறுக்கவில்லை.

மருத்துவப் பணிக்கு நாடு மிகையாகச் செலவிடுகிறதா என்று ஆராய 1953 இல் கில்பாடு என்பவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1956 இல் வெளிவந்த அறிக்கை பலரையும் வியக்கவைத்தது. நாட்டு வருமானத்தில் இப்பணியின் பங்கு கூடவில்லை; 100 க்கு 3.75 இலிருந்து 3.25 ஆகக் குறைந்தேயிருந்தது. மருத்துவமனைக் கட்டடங்களுக்கான மூலதனச் செலவோ போருக்கு முந்திய அளவில் மூன்றிலொரு பங்கே என்றும், அதை உயர்த்த வேண்டுமென்றும் குழு கூறிற்று. வீண்செலவு என்ற பழி நீங்கிற்று. பற்றாக்குறையே உண்மைக் குறை என்பது விளங்கிற்று.

பெவன் 1960 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள் புற்றுநோயால் உயிர் நீத்தார். 1962 இல், எதிர்க்கட்சியினரான இனக் பவல் சுகாதார அமைச்சராயிருந்தபோது, நாடு முழுவதற்குமான முதல் மருத்துவமனைக் கட்டடத் திட்டம் வெளிவந்தது. பத்தாண்டுகளில் 50 கோடி பவுன் செலவில் 90 புதிய மருத்துவமனைகளைக் கட்டவும், 134 மருத்துவமனைகளைப் பெரிதும் திருத்தியமைக்கவும் அது வகுத்தது. மக்கள் தொகை 1,000 க்கு இத்தனை படுக்கைகள் என அளவும் நிறுவிற்று. திட்டமிட்டவாறு யாவும் நிறைவேறவில்லை. ஆயினும், நாடு முழுவதையும் ஒருசேர நோக்கி அளவிட முடிந்ததே பெவன் இட்ட அடிப்படையால்தான். அவரை எதிர்த்த கட்சியும் அவ்வடிப்படையை இடிக்கவில்லை, அதன்மேலேயே கட்டிற்று.

திரெடிகருக்கு அருகிலுள்ள மேட்டுநிலத்தில், பெவன் தம் தொகுதி மக்களுக்குத் திறந்தவெளியிற் சொற்பொழிவாற்றிய இடத்தில், அவர் நினைவாகக் கற்கள் நாட்டப்பட்டுள்ளன. பெரிய கல் ஒன்று அவரைக் குறிக்கும். சுற்றியுள்ள மூன்று கற்கள் அத்தொகுதியின் மூன்று ஊர்களைக் குறிக்கும். மக்கள் நடுவே நின்றவர்க்கு அதனினும் ஏற்ற நினைவுச் சின்னம் வேறில்லை. மருத்துவமனை என்பது செல்வர் மனமிரங்கி இடும் பிச்சையன்று. அது குடிமக்கள் கூடி எழுப்பிக்கொள்ளும் பொதுச்சொத்து. அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் பொருள் கொடுக்கும் கடமையும் அனைவர்க்கும் உண்டு. இதுவே பெவனின் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.