பாட்டாளிகளுக்குத் தோட்டம் வாங்கிய துன் சம்பந்தன்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், தோட்ட உரிமையாளர் வீராசாமியின் மகனாகத் திருஞானசம்பந்தன் பிறந்தார். கோலகங்சாரிலும், பின்னர்த் தமிழகத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கல்வி கற்றார். 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தலைவராக விளங்கினார். தொழிலாளர், சுகாதாரம் முதலிய துறைகளின் அமைச்சராகவும் பணியாற்றினார். எனினும், தோட்டப்புற மக்கள் அவரை இன்றளவும் நினைப்பது வேறொரு செயலுக்காகவே.

நாடு சுதந்திரம் பெற்ற காலத்தில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். இதனையே தோட்டத் துண்டாடல் என்பர். சில ஏக்கர் வாங்கிய சிறு முதலாளிக்குப் பால்வெட்ட அத்தனை ஆட்கள் எதற்கு? வேலை போயிற்று. லயன் வீடு தோட்டத்துக்கு உரியதாதலால், வேலையுடன் வீடும் போயிற்று. பெரட்டுக் களம் வெறிச்சோடியது. பிள்ளைகளின்றித் தமிழ்ப்பள்ளிகளும் தள்ளாடின. தலைமுறை தலைமுறையாகக் காடழித்து மரம் நட்டவர்கள், மூட்டை முடிச்சுகளுடன் எங்கே செல்வர்?

அரசாங்கத்திடம் முறையிடுவதோடு சம்பந்தன் நின்றுவிடவில்லை. விற்பனைக்கு வரும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கிவிட்டால் என்ன என்று எண்ணினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்கு சேருமாறு பாட்டாளிகளை வேண்டினார். அந்நாளில் பால்வெட்டுக் கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்குப் பத்து வெள்ளி சிறு தொகையன்று. மளிகைக் கடன் ஒருபுறம், பிள்ளைகளின் புத்தகச் செலவு ஒருபுறம். பணம் திரும்பி வருமோ என ஐயுற்றவர்களைக் குறை கூற இயலாது. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர்.

1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் விலைக்கு வாங்கியது. அது துண்டாடப்படவில்லை. அதன் பின்னர் மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. பால்வெட்டிய கைகளுக்குக் கூலியுடன், பங்குதாரர் என்னும் உரிமையில் இலாபத்தில் ஒரு பகுதியும் கிட்டியது. நாட்டில் துண்டாடப்பட்ட தோட்டங்கள் அனைத்தையும் சங்கத்தால் காப்பாற்ற முடிந்ததா என்றால், முடியவில்லை. வாங்கியவற்றைக் காட்டிலும் கைநழுவிப் போனவையே மிகுதி.

1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் துன் சம்பந்தன் மறைந்தார். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்சின் பெருஞ்சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது. பாட்டாளிகளின் வெள்ளியில் வளர்ந்த சங்கத்தின் தலைமையகக் கட்டடத்துக்கும் அவர் பெயரே.